போகாச்சார் இல்லாமல் ஒரு பருவம்: சைக்கிள் மேனேஜர் அணி கட்டிய குறிப்புகள்

ஆண்டின் கடைசிப் பெரிய சைக்கிள் பந்தயமான சீனாவின் குவாங்ஷி சுற்றின் கடைசிக் கட்டத்தோடு எங்கள் சைக்கிள் மேனேஜர் ஆட்டத்தின் 2024 பருவமும் முடிந்தது. உலகின் முதல்நிலை சைக்கிள் வீரர் போகாச்சார் இல்லாத என் அணிக்கு ஆறாவது இடம். போன வருடம் என் பெயரைப் பட்டியலின் அடியில்தான் தேட வேண்டியிருந்தது, ஆகவே ஆறாவது என்பதே எனக்குப் பெரிய விஷயம். டிசம்பரில் போட்ட கணக்கில் எது தேறியது, எது கவிழ்ந்தது என்று இப்போது ஒவ்வொரு வீரராகத் தெரிகிறது. அடுத்த டிசம்பரில் அதே எக்செல் தாளைத் திறப்பதற்குள் எல்லாம் மறந்து போகும் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. நிஜப் பந்தயங்களில் நிஜ வீரர்கள் எடுக்கும் யூசிஐ (உலக சைக்கிள் பந்தய அமைப்பு) புள்ளிகள்தான் நம் புள்ளிகள். ஒரு வீரர் போன வருடம் எடுத்த மொத்தப் புள்ளிதான் அவருடைய விலை. கையில் 15,000, அதில் 30 பேரை வாங்க வேண்டும். ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் டூர் டவுன் அண்டர் பந்தயம் தொடங்குமுன் பூட்டு விழுந்துவிடும், அப்புறம் அக்டோபர் வரை யாரையும் மாற்ற முடியாது. வீரருக்குக் காறை எலும்பு உடைந்தாலும், காய்ச்சல் வந்தாலும், அவர் ஓய்வே அறிவித்தாலும் அவர் நம் வீரர்தான். அதனால் யார் நல்ல வீரர் என்று பார்ப்பதில் இங்கே பிரயோஜனமே இல்லை. போன வருடத்தைவிட இந்த வருடம் யார் கூடுதலாக எடுப்பார் என்பதுதான் மொத்த ஆட்டமும். விலை 100 உள்ளவர் 700 எடுத்தால் கொண்டாட்டம், விலை 3,000 உள்ளவர் 2,900 எடுத்தால் நஷ்டம்.

செலவு என்று பார்த்தால் பணம் ஒன்றும் இல்லை. டிசம்பர் இரவுகள் போயின, கண் எரிந்தது, அவ்வளவுதான். கருவி என்று ஒரு எக்செல் தாள். வரிசைக்கு ஒரு வீரர். பெயர், வயது, அணி, 2021, 2022, 2023 புள்ளிகள், 2023இல் பந்தயம் ஓடிய நாட்கள், அணி மாற்றம் உண்டா, ஒப்பந்தம் எப்போது முடிகிறது, கடைசியாகக் 'காரணம்' என்று ஒரு பத்தி. இந்தக் காரணப் பத்தியை இந்த வருடம்தான் சேர்த்தேன், தேறியதில் பாதி அதனால்தான். உறுதியானவர்களுக்குப் பச்சை, யோசிக்க வேண்டியவர்களுக்கு மஞ்சள், வேண்டாதவர்களுக்கு நிறமே இல்லை.

முதல் சல்லடை எளிய சூத்திரம்: மூன்று ஆண்டுகளில் சிறந்த ஆண்டின் புள்ளியை எடு, 0.7ஆல் பெருக்கு, இப்போதைய விலையால் வகு. இரண்டுக்கு மேல் வந்தால் மஞ்சள். 0.7 எதற்கு என்றால், ஒருவர் தன் உச்ச ஆண்டை அப்படியே திரும்பச் செய்வார் என்று நம்பி வாங்குவது அபத்தம், பத்தில் ஏழு பங்கு எடுத்தாலே நமக்குப் போதும்.

சூத்திரம் சரி, ஆனால் அதில் போட்ட எண்கள் சரியில்லை. 2022 வரை இருந்த புள்ளி அளவுகோல் வேறு, 2023இல் வந்தது வேறு. பழைய கணக்கில் டூர் டி பிரான்ஸ் வென்றால் 1,000, இப்போது 1,300. டூரில் ஒரு கட்டம், அதாவது ஒரு நாள் ஓட்டம், 120இலிருந்து 210 ஆனது. மற்ற இரண்டு மூன்று வாரப் பெரிய சுற்றுகளான இத்தாலியின் ஜிரோ, ஸ்பெயினின் வுவெல்டா கட்டம் 100இலிருந்து 180. மிலான்–சான்ரெமோ, பிளாண்டர்ஸ், ரூபே, லியேஜ், லொம்பார்டியா ஆகிய ஐந்து பெரும் ஒருநாள் பந்தயங்கள் 500இலிருந்து 800. ஆனால் கீழ்நிலையில் உள்ள '1.1' வகுப்பு ஒருநாள் பந்தயத்தை வென்றால் அன்றும் 125, இன்றும் 125. பழைய அளவுகோலில் யாரும் பார்க்காத ஒரு சின்ன ஒருநாள் பந்தயத்தின் வெற்றி ஜிரோ கட்ட வெற்றியைவிட அதிகமாகப் புள்ளி தந்தது. 2022இல் உலக டூர் என்ற முதல் பிரிவிலிருந்து கீழே தள்ளப்படாமல் இருக்க அணிகள் சின்னப் பந்தயங்களை நோக்கி ஓடியதன் ரகசியம் இதுதான்.

இதைக் கவனிக்காமல் 2021, 2022 எண்களை 2023க்குப் பக்கத்தில் வைத்தால், பெரிய பந்தயங்களில் எடுத்தவர்கள் மட்டமாகவும் சின்னப் பந்தயங்களில் அள்ளியவர்கள் உசத்தியாகவும் தெரிகிறார்கள். மொத்தத்தையும் 1.5ஆல் பெருக்கிப் பார்த்தேன், சரிப்படவில்லை, ஏனென்றால் டூர் பட்டத்துக்கு 1.3 மடங்கு, டூர் கட்டத்துக்கு 1.75 மடங்கு, சின்னப் பந்தயத்துக்கு ஒரு மடங்குதான். கடைசியில் மஞ்சள் நிறத்தில் இருந்தவர்களுக்கும் அதை ஒட்டி வந்து தவறியவர்களுக்கும் மட்டும் பந்தயம் பந்தயமாகப் பிரித்து, புதிய அளவில் மறுபடி கூட்டினேன். சலிப்பான வேலை. ஆனால் எரித்திரியாவின் வேக வீரர் பினியம் கிர்மாய் என் பட்டியலுக்குள் வந்தது இந்த வேலையால்தான்.

அவருடைய வரிசையைக் கொஞ்சம் கிட்டப் பார்க்கலாம். 2022இல் பெல்ஜியத்தின் கெண்ட்–வெவெல்கெம் ஒருநாள் பந்தயத்தை வென்றார், ஜிரோவில் ஒரு கட்டமும் வென்றார், மேடையில் புரோசெக்கோ ஒயின் மூடி கண்ணில் பட்டு மறுநாளே வீடு திரும்பினார். அந்த ஜிரோ கட்டத்துக்கு அன்று 100, புதிய அளவில் 180. 2023இல் சுவிஸ் சுற்றில் ஒரு கட்டம் வென்றார் என்றாலும் டூரில் வெறுங்கை. பழைய எண்களை வைத்துப் பார்த்தால் 2022க்கும் 2023க்கும் பெரிய வித்தியாசம் இல்லாததுபோல இருக்கிறது, சூத்திரம் அவரைத் தள்ளிவிட்டது. புதிய அளவில் கூட்டியதும் இடைவெளி பளிச்சென்று தெரிந்தது. வயது அப்போது 23தான். காரணப் பத்தியில் 'காயம் இல்லை, வயது இல்லை, ராசி இல்லை' என்று எழுதிப் பச்சை அடித்தேன்.

அடுத்தது காரணப் பத்தி. விலை குறைந்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே ரகம் இல்லை. அடிபட்டு ஓட முடியாமல் போனவர், வயதாகி இறங்குபவர், அணியில் இன்னொருவருக்காக உழைக்கச் சொல்லப்பட்டவர், எல்லாம் சரியாக இருந்தும் அமையாதவர் என்று நான்காகப் பிரித்தேன். இரண்டாவது ரகத்தைத் தொடவே கூடாது, அங்கே விலை இன்னும் இறங்கும். மூன்றாவது ரகத்துக்கு அணி மாற்றத்தைப் பார்க்க வேண்டும். முதலும் நான்காவதும்தான் நம் சந்தை.

முதல் ரகத்தில் ஒரு கண்ணி இருக்கிறது, அதில் நன்றாகவே மாட்டிக்கொண்டேன். டாவோ கேகன் ஹார்ட் 2023 ஜிரோவில் மூன்றாம் இடத்தில் இருந்தபோது விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. அதற்குமேல் அந்த வருடம் பந்தயமே இல்லை. பாதி வருடம் ஓடாதவர், 2020 ஜிரோ சாம்பியன், புதிய அணி, சூத்திரம் துள்ளிக் குதித்தது. ஆனால் விழுந்தது மே மாதம். அதற்கு முன்பே ஆல்ப்ஸ் சுற்றை வென்று, வசந்த காலப் புள்ளிகளை எல்லாம் வாங்கி வைத்திருந்தார். அடிபட்டவர் என்ற பெயர் உண்டு, அடிபட்டவருக்குரிய விலை இல்லை. 2024இல் உடம்பு ஒத்துழைக்கவே இல்லை, டூர் அணியிலும் இடம் இல்லை. எந்த மாதம் அடிபட்டார் என்பதற்கு ஒரு பத்தி போட்டிருந்தால் இவர் மஞ்சளிலேயே நின்றிருப்பார். இதற்கு நேர்மாறு ஏகன் பெர்னால். 2022 ஜனவரியில் பயிற்சியில் நின்றிருந்த பேருந்தில் மோதினார், அந்த ஆண்டே கரைந்து போனது, 2023இலும் மெல்லத்தான் எழுந்தார். 2024க்குள் வந்தபோது அவர் விலையில் காற்றே இல்லை. காட்டலோனியா சுற்றில் மூன்றாம் இடம் பிடித்தார். பெரிய லாபம் என்று சொல்ல முடியாது, ஆனால் நிம்மதியான வரிசை.

உச்சத்தில் இருப்பவரை வாங்கக் கூடாது என்ற விதியை மட்டும், பின்னால் வரும் ஒருவரைத் தவிர, முழுசாகக் கடைப்பிடித்தேன். செப் குஸ் 2023 வுவெல்டாவை வென்றார்: பட்டத்துக்கு 1,100, வழியில் ஒரு கட்டம் 180, ஆக 1,280 அந்த மூன்று வாரத்தில் மட்டும். காலமெல்லாம் மற்றவர்களுக்காக மலையில் இழுத்த மனிதர், எல்லோருக்கும் பிடிக்கும், அதனாலேயே ஆசைப்பட்டு வாங்கியவர்கள் எங்கள் ஆட்டத்தில் பலர். 2024இல் கோவிட் வந்து டூரைத் தவறவிட்டார். புர்கோஸ் சுற்றை வென்றார் என்றாலும் வுவெல்டாவில் முதல் பத்துக்குள் இல்லை. பிடித்த வீரர் வேறு, வாங்க வேண்டிய வீரர் வேறு.

இதைச் சொல்லிவிட்டு நானே மார்க் கேவண்டிஷை வாங்கினேன். ஜூலை 3ஆம் தேதி சான் வுல்பாவில் டூரின் 35ஆவது கட்டத்தை வென்று எடி மெர்க்ஸின் 34 என்ற சாதனையைத் தாண்டினார். எனக்குக் கிடைத்தது 210 புள்ளி. லாபக் கணக்கில் அந்த இடம் வீண்தான். அடுத்த முறையும் இப்படி ஒருவர் இருந்தால் ஒரு இடத்தை வீணடிப்பேன், அதற்குச் சூத்திரம் தேவையில்லை.

பெரிய கேள்வி போகாச்சார். 2023 முடிவில் அவர் விலை எங்கள் பட்ஜெட்டில் ஏறக்குறைய பாதி. அவரை வாங்கினால் மற்ற 29 பேருக்கும் ஆளுக்குச் சராசரி 250 சுமார்தான். வாங்காவிட்டால் ஆளுக்கு 500. ஜிரோவும் டூரும் சேர்த்து ஓடப் போகிறார் என்று டிசம்பரிலேயே அறிவித்திருந்தார். 1998இல் பந்தானிக்குப் பிறகு யாரும் இரண்டையும் ஒரே வருடத்தில் வென்றதில்லை. ஜிரோவில் களைத்துப் போய் டூரில் 2022, 2023 சாம்பியன் விங்கெகோரிடம் தோற்பார் என்று நான் கணக்குப் போட்டேன், தவிர அவ்வளவு விலை உள்ளவர் அதற்குமேல் எங்கே போவார் என்றும் தோன்றியது. அவருக்குப் பதிலாக ரோக்லிச்சை என் பெரிய செலவாக எடுத்தேன். புதிய அணி, தலைமை அவருக்கே, பழைய அணியில்போல விங்கெகோரோடு பங்கு போட வேண்டியதில்லை.

பூட்டு விழுந்தது. ஜனவரி நன்றாக இருந்தது, சந்தேகப்பட வேண்டிய அளவுக்கு. ஸ்டீபன் வில்லியம்ஸ் டூர் டவுன் அண்டரையே வென்றார். காயங்களால் பல பருவங்கள் தடைபட்டவர், 2022இல் சுவிஸ் சுற்றின் முதல் கட்டத்தை வென்றவர், 2023இல் நார்வேயின் ஆர்க்டிக் பந்தயத்தை வென்றவர். அவருடைய அணி 2022 முடிவில் உலக டூரிலிருந்து இறங்கியது, மறுபடி ஏறப் புள்ளி தேவை, ஆகவே எங்கே புள்ளி கிடைக்குமோ அங்கே அனுப்புவார்கள் என்பது என் கணக்கு. அதே பந்தயத்தில் இசாக் டெல் டோரோ லோபெதாலில் கட்டம் வென்று மொத்தத்தில் மூன்றாவதாக வந்தார். தொழில்முறையில் முதல் பந்தயம், விலையோ அடிமாட்டு விலை. ஆனால் அவரை வைத்திருந்தது நான் மட்டும் இல்லை, ஏறக்குறைய எல்லோரும். 2023இல் இளையோருக்கான டூர் டி லாவெனிரை வென்ற பையனை யார் விடுவார்கள்? எல்லோரிடமும் இருப்பவர் ஏற்றிவிடமாட்டார், ஆனால் உன்னிடம் மட்டும் இல்லை என்றால் இறக்கிவிடுவார்.

வசந்த காலத்தில் கல் பாவிய சாலைகளுக்கு நான் போட்ட ஆட்கள் பெரும்பாலும் ஒன்றும் செய்யவில்லை, அதைப் பற்றி நீட்டி எழுத எதுவும் இல்லை. எழுத வேண்டியது என்னிடம் இல்லாத இருவரைப் பற்றி. மார்ச் 31 பிளாண்டர்ஸில் லூகா மொட்சாட்டோ இரண்டாவதாக வந்தார், அந்த ஒரு நாளில் 640 புள்ளி. முதல் வருடத் தொழில்முறை வீரர் மொர்காடோ ஐந்தாவது. மொட்சாட்டோவை வாங்கியிருந்த மேனேஜரிடம் எப்படி என்று கேட்டேன். பிரான்சில் நடக்கும் சின்ன ஒருநாள் பந்தயங்களின் முடிவுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பாராம், அங்கே கடைசி வரை முன்வரிசையிலேயே இருக்கும் வேக வீரர் யார் என்று குறித்து வைப்பாராம். என் தாளில் மொத்தப் புள்ளி இருந்தது, அது எங்கே எப்படி வந்தது என்று இல்லை.

இன்னொரு தப்பு மத்தேயோ ஜோர்கன்சன். அணி மாறுகிறார், பெரிய அணிக்குப் போகிறார், அங்கே விங்கெகோருக்கும் வான் ஆர்ட்டுக்கும் தண்ணீர் சுமப்பார் என்று நினைத்து நிறத்தை எடுத்துவிட்டேன். பாரிஸ்–நீஸை வென்றார், ட்வார்ஸ் டோர் பிளாண்டரன் வென்றார், டூரில் எட்டாவதாக வந்தார். அணி மாற்றம் என்றால் என் தாளில் ஆம், இல்லை என்ற இரண்டு பதில்தான். எந்த அணிக்குப் போகிறார் என்று பார்த்தேன், அந்த அணியிலிருந்து யார் போய்விட்டார்கள் என்று பார்க்கவில்லை. ரோக்லிச்சை நானே வாங்கியிருந்தேன், அவர் விட்டுப் போன நாற்காலியைத்தான் கவனிக்கவில்லை.

ஏப்ரல் 4. பாஸ்க் நாட்டுச் சுற்றின் நான்காம் கட்டம், ஓலயேட்டா பக்கம் ஒரு இறக்கம், வலது வளைவு. விங்கெகோருக்குக் காறை எலும்பும் விலா எலும்புகளும் உடைந்து நுரையீரலிலும் அடி, எவெனெபூலுக்குக் காறையும் தோள்பட்டையும், ஜே வைனுக்கு முதுகெலும்பு. ரோக்லிச்சும் அங்கேயே விலகினார், நல்லவேளை பெரிய முறிவு இல்லை. அந்த ஒரு வளைவில் எங்கள் ஆட்டத்தின் மேல்பாதி முழுக்கக் குலுங்கியது. விலை அதிகமுள்ள ஒரே வீரரிடம் பட்ஜெட்டைக் குவித்தவர்களுக்கு வயிற்றில் புளி கரைந்தது. ஒரு வாரம் முன்புதான் ட்வார்ஸில் வான் ஆர்ட் விழுந்து பிளாண்டர்ஸையும் ரூபேயையும் இழந்திருந்தார்.

ஆனால் இந்த விபத்தைப் பார்த்து ஒரு முடிவுக்கு வர அவசரப்பட்டது வீண். விங்கெகோர் ஜூலையில் டூரில் இரண்டாவதாக வந்தார். எவெனெபூல் டூரில் மூன்றாவது, அப்புறம் பாரிஸ் ஒலிம்பிக்கில் தனிநேரப் போட்டி, சாலைப் பந்தயம் இரண்டிலும் தங்கம். வைன் செப்டம்பரில் வுவெல்டாவில் மலையேற்றத்தில் முதல்வருக்கான ஜெர்சியையே வாங்கினார். ரோக்லிச் பிரான்சின் தோஃபினே சுற்றை வென்றார், டூரில் மறுபடி விழுந்து வீடு திரும்பினார், பிறகு தன் நான்காவது வுவெல்டா பட்டத்தை எடுத்தார். யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பது சரிதான், ஆனால் நான் யானை விலை கொடுத்து வாங்கியிருந்தேன். 2023இல் ஜிரோ, டிரெனோ, காட்டலோனியா என்று அள்ளியவர், அந்த விலையை அவர் திருப்பித் தரவில்லை.

நடுவில் ஏப்ரல் 17, பெல்ஜியத்தின் ஃபிளெஷ் வலோன் ஒருநாள் பந்தயம். மழை, ஆலங்கட்டி போல ஏதோ, விரைத்துப் போன கைகள், முடித்தவர்கள் வெறும் 44 பேர். வில்லியம்ஸ் ஊயி மேட்டில் தனியாக ஏறி வென்றார். ஜனவரியோடு அவர் லாபம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். செப்டம்பரில் பிரிட்டன் சுற்றையும் வென்றார். இந்தப் பருவத்தில் விலைக்கும் வரவுக்கும் உள்ள விகிதத்தில் என் அணியில் இவர்தான் முதல்.

கிர்மாய் மே மாதம் ஜிரோவின் நான்காம் கட்டத்தில் ஈரச் சாலையில் இரண்டு முறை விழுந்து வெளியேறினார். சரி, இதுவும் போச்சு என்று பச்சையை நானே மனதில் அழித்துவிட்டேன். ஜூலையில் டூரின் மூன்றாம் கட்டத்தில் டுரினில் வென்றார், டூரில் கட்டம் வென்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கர். எட்டாம் கட்டம், பன்னிரண்டாம் கட்டம் என்று மேலும் இரண்டு. மூன்று கட்டத்துக்கு 630, அதோடு டூரின் வேகப் புள்ளிகளில் முதல்வருக்கான பச்சை ஜெர்சி. பழைய அளவுகோலாக இருந்திருந்தால் அந்த மூன்று கட்டமும் சேர்ந்து 360தான். அளவுகோல் மாறியதை வைத்து வாங்கிய வீரர், மாறிய அளவுகோலிலேயே கொட்டிக் கொடுத்தார். டிசம்பரில் கண்ணெரிய உட்கார்ந்ததற்கு அந்த ஜூலை போதும்.

கடைசிப் பகுதி பென் ஓகானர். 2021 டூரில் நான்காவது, 2023 டூரில் முதல் பத்துக்கு வெளியே. விலை ரொம்ப மலிவு என்று சொல்ல முடியாது, சூத்திரத்தில் இரண்டைத் தொடவில்லை. ஆனால் ஒப்பந்தம் 2024இல் முடிகிறது, அணியில் அவருக்கு மேல் யாரும் இல்லை. அதற்காகவே சூத்திரத்தை மீறிப் பச்சை அடித்தேன். எமிரேட்ஸ் சுற்றில் இரண்டாவது, ஜிரோவில் நான்காவது. வுவெல்டாவில் ஆறாம் கட்டத்தில் யுங்கேராவுக்குத் தனியாகத் தப்பி ஓடி முன்னிலையாளரின் சிவப்பு ஜெர்சியை வாங்கி இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே வைத்திருந்தார், கடைசியில் ரோக்லிச்சுக்கு அடுத்து இரண்டாவது. என் அணியின் இருவர் முதல் இரண்டு இடத்தில், அந்த மூன்று வாரத்தில்தான் பன்னிரண்டாவதிலிருந்து ஆறுக்கு ஏறினேன். பிறகு சூரிச் உலகச் சாம்பியன்ஷிப்பில் வெள்ளி. தங்கம் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. முடிவுக்கு நூறு கிலோமீட்டர் இருக்கும்போது கிளம்பிப் போனவருக்கு.

போகாச்சாரைப் பற்றிய கணக்கைக் கடைசியில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். டூர் 1,300, ஜிரோ 1,100, உலகப் பட்டம் 900, லியேஜ் 800, லொம்பார்டியா 800, இதுவே 4,900. ஜிரோவில் ஆறு கட்டம் 1,080, டூரில் ஆறு கட்டம் 1,260, ஆக 7,240. ஸ்ட்ராடே பியாங்கே, காட்டலோனியா, மாண்ட்ரியால் எல்லாம் இதற்கு வெளியே. மொத்தம் பதினோராயிரத்தைத் தாண்டிவிட்டது. இந்த வருடம் முதலிடம் வந்தவர் அவரை வாங்கி, மிச்சத்துக்கு 21, 22 வயதுப் பையன்களாக நிரப்பியவர். நான் தப்பாகப் பார்த்தது போகாச்சாரின் கால்களை மட்டும் இல்லை. 30 இடங்கள்தான் இருக்கின்றன என்பதையும் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை. ஆளுக்கு 500 விலையில் இரட்டிப்பாகக் கூடிய 29 பேரைக் கண்டுபிடிப்பது, 250 விலையில் கண்டுபிடிப்பதைவிடக் கடினம், மலிவானவர்கள் சந்தையில் நூற்றுக்கணக்கில் கிடக்கிறார்கள். நான் நடுத்தர விலையில் வாங்கிய கூட்டத்தில் பாதிப் பேர் போட்ட முதலைத்தான் எடுத்தார்கள்.

இதைப் பார்த்துவிட்டு அடுத்த வருடம் அவரை வாங்கலாமா என்றால் அதுவும் ஆகாது. புதிய விலையே பதினோராயிரத்துக்கு மேல். மிச்சம் நாலாயிரத்துக்கும் குறைவு, 29 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 140கூட வராது. அவர் இதே வருடத்தைத் திரும்பச் செய்தாலும் லாபம் பூஜ்யம். எங்கள் ஆட்டத்தில் பலர் இப்போதே சூடு பட்ட வேகத்தில் அவரை வாங்குவோம் என்கிறார்கள். வாங்கட்டும்.

தாளில் மாற்றப் போவது: அடிபட்ட மாதத்துக்கு ஒரு பத்தி. அணி மாற்றப் பத்தியைக் கிழித்துவிட்டு, புதிய அணியிலிருந்து வெளியேறியவர் யார் என்று ஒரு பத்தி. மொத்தப் புள்ளியைப் பெரிய பந்தயம், சின்னப் பந்தயம் என்று இரண்டாக உடைக்க வேண்டும், ஏனென்றால் எந்த அணிகள் உலக டூரில் இருக்கும் என்பதைத் தீர்மானிக்கும் 2023 முதல் 2025 வரையிலான மூன்று வருடக் கணக்கு 2025 அக்டோபரில் முடிகிறது, கீழே இறங்கும் பயத்தில் இருக்கும் அணிகள் நல்ல வீரர்களைச் சின்னப் பந்தயங்களுக்கு அனுப்பும். அணிக்கு முதல் இருபது வீரர்களின் புள்ளி சேரும் என்பதால் பதினெட்டாவது, பத்தொன்பதாவது ஆளுக்கும் அங்கே வேலை வரும், அவர்கள் விலையோ அற்பம். சூத்திரத்தில் 0.7ஐ அப்படியே விடுகிறேன். நடுத்தர விலைக்காரர்களை ஐந்துக்கு மேல் எடுப்பதில்லை என்று ஒரு வரம்பு வைக்கலாம் என்று நினைக்கிறேன், டிசம்பரில் ஆசை யாரை விட்டது என்பது வேறு விஷயம்.

புதிய தாளில் முதல் வரிசையை நேற்று எழுதினேன். லென்னார்ட் கெம்னா. வயது 28. மூன்று பெரிய சுற்றிலும் கட்டம் வென்றவர். காரணம்: டெனெரிஃபேயில் பயிற்சியின்போது கார் மோதல். மாதம்: ஏப்ரல், அதாவது கோடைப் புள்ளிகள் எதுவும் விலையில் ஏறவில்லை. அதன்பிறகு 2024இல் பந்தயம் இல்லை. அடுத்த பருவத்தின் முதல் பந்தயத்துக்கு அவர் பெயர் எந்தப் பட்டியலிலாவது வரும்வரை மஞ்சள்.